குழி தெரியுது, பாதை தெரியல

மலையில சுரங்கம், குவாரின்னு பேச்சு வந்தா டவுன்ல இருக்கிற நண்பர்கள் எல்லாரும் குழியைப் பத்தித்தான் பேசுறாங்க. எவ்வளவு ஆழம் தோண்டினாங்க, எத்தனை மரம் போச்சுன்னு. அந்தக் குழிக்குப் போற மண் பாதையை யாரும் போட்டோ எடுக்கிறதில்ல. ஆனா அடிவாரத்துல விவசாயம் பண்றவனுக்குப் பல நேரம் குழியை விட அந்தப் பாதைதான் வினை.

குழியில விழுற மழை பெரும்பாலும் குழியிலேயே தேங்கிடும். பாதையில விழுறதுக்கு நிக்க இடமில்ல. டிப்பர் ஏறி ஏறித் தரை இறுகிப்போய், தண்ணி உள்ள இறங்காது. கணக்குப் போட்டுப் பாருங்க. 3 கிலோமீட்டர் நீளம், 6 மீட்டர் அகலத்துல ஒரு பாதை. 5 சென்டிமீட்டர் மழை பெஞ்சா அது மேல மட்டும் 9 லட்சம் லிட்டர் தண்ணி விழுது. மலையை வெட்டின சுவர்ல கசியுற ஊத்துத் தண்ணியும் இதோட சேர்ந்துக்கும். சக்கரத் தடம் ரெண்டும் வாய்க்காலாயிடும். மேல ஒரே ஒரு சென்டிமீட்டர் மண் அரிச்சாலே 180 கன மீட்டர், அதாவது 60 யூனிட்டுக்கு மேல. அத்தனையும் ஓடை வழியா ஏரிக்குத்தான் வரும்.

அமெரிக்காவுல வாஷிங்டன் மாநிலத்துல மரம் ஏத்துற காட்டுப் பாதைகளை அளந்து ரீட், டன்னு ரெண்டு பேர் 1984ல் ஆய்வு வெளியிட்டாங்க. லாரி ஓயாம ஓடுற சரளைப் பாதையில இருந்து போற மண், கைவிட்ட பாதையை விட 130 மடங்கு. தார் போட்ட பாதையில இருந்து போறது, லாரிப் பாதையோட அளவுல நூத்துல ஒரு பங்கு கூட இல்ல. அங்க மரம், இங்க கல்லு. சக்கரம் ஒண்ணுதான்.

"மண்ணு வந்தா வயலுக்கு வண்டல்தானே அண்ணே?"ன்னு சென்னையில இருக்கிற தம்பி ஒருத்தர் கேட்டார். இல்ல தம்பி. வண்டல்ங்கிறது இலை தழை மக்கின மேல்மண்ணு. பாதையில இருந்து வர்றது அடிமண்ணும் கல்தூளும். காஞ்சா ஓடு மாதிரி இறுகிக்கும், விதை முளைச்சு வெளிய வராது.

கொல்லிமலைக்குப் போறவங்க 70 கொண்டை ஊசி வளைவையும் எண்ணிக்கிட்டே ஏறுவீங்க. சரிவைக் குறைக்கத்தான் அத்தனை வளைவு. குவாரிக்காரங்களுக்கு வளைவுன்னா நீளம் கூடும், வெட்டுக்கூலி கூடும். அதனால முடிஞ்ச வரைக்கும் நேராவே ஏத்திடுறாங்க. மேட்டுக்காட்டுல சரிவைப் பாத்து மேலிருந்து கீழ உழவு ஓட்டினா எங்க அப்பாரு கலப்பையைப் பிடுங்கிடுவாரு. அதே தப்பை மலையில ஜேசிபி வச்சுப் பண்ணினா கேக்க ஆளில்ல.

குவாரியே வேணாம்னு நான் சொல்லல. நானும் ஜல்லி போட்டுத்தான் வீடு கட்டியிருக்கேன். அனுமதி கொடுக்கிறப்ப குழியைக் கேக்குற அளவுக்குப் பாதையையும் கேளுங்க. எத்தனை மீட்டருக்கு ஒரு குறுக்கு வரப்பு, தண்ணி எந்தப் பக்கம் பிரியும், அடைமழையில லாரி நிக்குமா? முக்கியமா, குத்தகை முடிஞ்சா பாதையை யார் மூடுறது?

எங்க ஊர் கரட்டுல குவாரி நின்னு பல வருஷம் ஆச்சு. பாதை மட்டும் இன்னும் ஒவ்வொரு மழைக்கும் ஓடிக்கிட்டு இருக்கு. குறுக்க பத்துப் பதினஞ்சு வரப்பு இழுத்துவிட ஜேசிபிக்கு ரெண்டு நாள் வேலைதான். பாதை யாருக்குச் சொந்தம்னு கேட்டா ஒரு ஆபீஸ் இன்னொரு ஆபீஸைக் கை காட்டுது.