ஜவ்வாது மலைக்காக ஒரு கலை இரவு

ஜவ்வாது மலைப் பிள்ளைகளுக்கு நிதி திரட்டக் கலை இரவு நடத்தலாம் என்று தோழர்கள் கூடிப் பேசினோம். பறை, பாட்டு, உணவுக் கடை எல்லாம் பத்து நிமிடத்தில் முடிவாகிவிட்டது. சுவரொட்டியில்தான் சிக்கல். செருப்பில்லாத குழந்தையின் படத்தைப் போட்டால் வசூல் கூடும் என்றார் ஒருவர். கூடும்தான். நான் மறுத்தேன்.

2023 மே மாதம் வேலூர் மாவட்டம் அல்லேரி மலையில் பாம்பு கடித்து இறந்த குழந்தையின் உடலைத் தாயே சுமந்து நடந்தார். ஆம்புலன்ஸ் மேலே போகச் சாலை இல்லை. செய்தியைப் பார்த்து இரங்காதவர் யார்? ஆனால் சாலை கேட்கச் சட்டம் ஏற்கெனவே இருந்தது. வன உரிமைச் சட்டம் 2006, பிரிவு 3(2): கிராம சபை பரிந்துரைத்தால் பள்ளிக்கும் மருந்தகத்துக்கும் சாலைக்கும், ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவாக வனநிலம் ஒதுக்கலாம், ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக் கூடாது. "ஃபாரஸ்ட்காரங்க விடமாட்டாங்க" என்று கோப்பை மூடும் அதிகாரிக்கு இதைத்தான் காட்ட வேண்டும்.

ஆகவே வசூலில் நோட்டுப் புத்தகம் வேண்டாம். அது அரசின் கடமை. கிராம சபைத் தீர்மானத்தோடு திருவண்ணாமலை கலெக்டர் ஆபீசுக்குப் போய்வரும் பஸ் கட்டணம், அன்றைக்கு இழக்கும் கூலி, தேவைப்பட்டால் வழக்குச் செலவு, இவற்றுக்குக் கொடுப்போம். எந்த ஊருக்கு எது முதலில் என்பதை மலையாளிப் பழங்குடி மக்கள் (கேரளத்தாரோடு குழப்பிக்கொள்ளாதீர்கள், சென்னைத் தோழர்களே) முடிவு செய்யட்டும். மேடையில் நன்றியுரை வேண்டாம். வரவு செலவை அவர்கள் முன் வாசிப்போம்.

தேதியையும் அவர்களைக் கேட்டே அச்சடிக்க வேண்டும். சாமை அறுவடையில் கூப்பிட்டால் யார் வருவார்கள்?