பாதி ஷட்டர் தெரியாத சர்வர்கள்

போன செமஸ்டர்ல பரீட்சை ஃபீஸ் கட்ட கடைசி நாள். ராத்திரி 11 மணிக்கு மொபைல்ல கட்டினேன். பணம் போயிடுச்சு, ரசீது வரல. மறுநாள் போய்க் கேட்டா, "நைட்டு சர்வரை ஆஃப் பண்ணிட்டோம் தம்பி"ன்னு சாவகாசமா பதில். அபராதத்தோட மறுபடி கட்டினேன். பற்று இருக்கு, வரவு இல்லை! காமர்ஸ் படிக்கிறவன் வயிறு எரியுமா எரியாதா?

அந்தக் கடுப்புல சர்வரை எப்படித்தான் அணைக்கணும்னு தேடிப் படிச்சேன். பெரிய சேவை எதுவும் ஒரே கம்ப்யூட்டர்ல ஓடுறதில்லை. பல சர்வர்கள் கூட்டா ஓடும். அதுதான் கிளஸ்டர். வாசல்ல லோட் பேலன்சர்னு ஒண்ணு நின்னு, வர்ற வேலையைப் பிரிச்சுக் கொடுக்கும்.

அணைக்கிற முறை நம்ம கீழமாசி வீதி கடைக்காரங்களுக்கு அத்துப்படி. மூடுற நேரத்துல பாதி ஷட்டரை இறக்குவாங்க. புது ஆளுக்கு இடமில்லை. ஆனா உள்ள இருக்கிறவருக்கு சரக்கு, பில்லு, மிச்சக் காசு எல்லாம் கொடுத்து அனுப்பிட்டுத்தான் பூட்டு. சர்வரும் அதேதான். முதல்ல புது வேலையை நிறுத்தணும், கையில இருக்கிறதை முடிக்கணும், அப்புறம் சர்வரை அணைக்கணும், டேட்டாபேஸ் கடைசி. திறக்கும்போது தலைகீழ்: டேட்டாபேஸ் முதல்ல, பிறகு சர்வர்கள் ஒவ்வொண்ணா. ஒழுங்கா பதில் சொல்லுதான்னு பார்த்துட்டுத்தான் ஆளை உள்ள விடணும்.

திறக்கிறதும் விளையாட்டில்லை. 2012 ஆகஸ்ட் 1, அமெரிக்காவின் நைட் கேபிடல் பங்கு வர்த்தக நிறுவனம். 8 சர்வர்ல புது புரோகிராம் போடணும், ஒண்ணுல விட்டுட்டாங்க. சந்தை திறந்ததும் அந்த ஒத்தை சர்வர்ல தூங்கிட்டிருந்த பழைய புரோகிராம் முழிச்சுக்கிட்டு ஆர்டரா போட்டுத் தள்ளிச்சு. பதற்றத்துல மத்த 7 சர்வர்ல இருந்தும் புதுசை எடுத்தாங்க, நிலைமை இன்னும் மோசமாச்சு. 45 நிமிஷத்துல 44 கோடி டாலருக்கு மேல காலி!

நம்ம ஊர்லயும் ஒழுங்கா செஞ்சவங்க உண்டு. 2021 நவம்பர்ல, கொரோனா கால சிறப்பு ரயில்களை வழக்கமான எண்களுக்கு மாத்த, ரயில்வே தன் முன்பதிவு சேவையை ஏழு ராத்திரி, 11.30 முதல் காலை 5.30 வரை நிறுத்தி வெச்சது. முன்கூட்டியே அறிவிச்சாங்க, கூட்டம் குறைவான நேரமா பார்த்தாங்க, 139 உள்ளிட்ட மத்த விசாரணை சேவைகளை ஓட விட்டாங்க.

"24 மணி நேர சேவைன்னா மூடவே கூடாது"ன்னு சிலர் சொல்வாங்க. எனக்கு அது பெரிசில்லை. சொல்லிட்டு மூடுற கடை, திறந்திருக்கிற மாதிரி நடிக்கிற கடையை விட எவ்வளவோ மேல். கடைசி நாள்ல மூடாதீங்க. மூடித்தான் ஆகணும்னா முன்னாடியே சொல்லுங்க. உள்ள இருக்கிறவனை முடிச்சு அனுப்புங்க. அப்படியும் நடுவுல மாட்டினா, அபராதம் எங்க தலையில வேண்டாம்.

அவசரமா பூட்டினது நீங்க. அபராதம் மட்டும் நானா? என்ன நியாயம் இது, சொல்லுங்க மக்களே!