அலுவலகம் இல்லாத முதலாளிக்கும் காப்பீடு கட்டாயம் வேண்டும்

பிரிட்டனில் ஆள் வைத்து வேலை வாங்கும் வெளிநாட்டு நிறுவனம் எதுவாயினும், அதற்கு அங்கே அலுவலகம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், முதலாளி பொறுப்புக் காப்பீடு எடுப்பதைச் சட்டம் கட்டாயமாக்க வேண்டும். பிரிட்டனில் பணிபுரியும் தமிழர்களின் நலனுக்காகச் செயல்படும் எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு இது.

இன்றைய சட்டம்

1969-இல் இயற்றப்பட்டு 1972 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள சட்டமே முதலாளி பொறுப்புக் காப்பீட்டுக்கு அடிப்படை. வேலையால் பணியாளருக்குக் காயமோ நோயோ ஏற்பட்டால், முதலாளி தர வேண்டிய இழப்பீட்டுக்குக் குறைந்தது 50 லட்சம் பவுண்டுக்குக் காப்பீடு இருக்க வேண்டும். அங்கீகாரம் பெற்ற காப்பீட்டு நிறுவனத்தின் பாலிசிதான் செல்லும். பாலிசி இல்லாத ஒவ்வொரு நாளுக்கும் 2,500 பவுண்டு வரை அபராதம் உண்டு. வெளிநாட்டு நிறுவனத்தின் கிளைக்கும் இதே விதிதான். சென்னைத் தலைமையகத்திலிருந்து லண்டன் கிளைக்கு வேலையாக வருபவர், தொடர்ந்து 14 நாளோ அதற்கு மேலோ தங்கினால் அவரும் பாதுகாப்புக்குள் வருகிறார்.

ஓட்டை எங்கே?

பிரிட்டனில் தொழிலிடம் இல்லாத முதலாளி அங்கே தொழில் நடத்தாதவராகவே கருதப்படுவார் என்கிறது அதே சட்டம். அந்தக் காலத்துக்கு அது பொருந்தியிருக்கலாம். இன்று கோவையில் பம்ப் தயாரிக்கும் ஒரு நிறுவனம், லீட்ஸில் வசிக்கும் ஒருவரைச் சர்வீஸ் இன்ஜினியராக நியமித்துவிடலாம். அவர் வாடிக்கையாளர்களின் ஆலைகளுக்குப் போய்க் கனமான இயந்திரங்களைக் கழற்றி மாட்டுவார். கை நசுங்கினால்? அவருடைய வீடு நிறுவனத்தின் தொழிலிடமா, இல்லையா என்பதே முதல் வழக்காகிவிடும்.

காப்பீடு இல்லையென்றால் என்ன ஆகும்?

ஸ்காட்லாந்தில் தச்சு வேலை பழகிய இளைஞர் ஒருவர் 2006-இல் மின்வட்ட ரம்பத்தில் காயமடைந்தார். நிறுவனத்திடம் பாலிசி இருந்தது; ஆனால் மின்சார மர இயந்திரங்களால் நேரும் விபத்து அதில் சேரவில்லை. நிறுவனமும் கலைப்புக்குப் போய்விட்டது. இயக்குநர் தன் சொந்தப் பணத்திலிருந்து இழப்பீடு தர வேண்டியதில்லை என்று 2016-இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 3–2 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. முதலாளி உள்ளூரில் இருந்தபோதே இந்தக் கதி. கடல் கடந்த முதலாளியைத் தொழிலாளி எங்கே போய்ப் பிடிப்பார்?

காப்பீடு இல்லாத வாகனம் மோதினால் இழப்பீடு தர, வாகனக் காப்பீட்டு நிறுவனங்கள் சேர்ந்து நடத்தும் ஓர் அமைப்பு அங்கே உண்டு. காப்பீடு இல்லாத முதலாளிகளுக்கு அப்படி ஒரு பொது ஏற்பாடு கிடையாது. ஆஸ்பெஸ்டாஸால் வரும் மீசோதீலியோமா புற்றுநோய்க்கு மட்டும் 2014 முதல் தனித் திட்டம் இருக்கிறது.

எங்கள் கோரிக்கைகள்

1. தொழிலிடம் இல்லாத முதலாளிக்கான விலக்கை நீக்க வேண்டும். பணியாளர் எங்கே வேலை செய்கிறார் என்பதே அளவுகோலாக வேண்டும்.

2. பணி நியமனக் கடிதத்திலேயே காப்பீட்டு நிறுவனத்தின் பெயரையும் பாலிசி எண்ணையும் குறிப்பிட வேண்டும்.

3. காப்பீடு இல்லாத முதலாளிகளிடம் வேலை செய்து காயமடைந்தோருக்கு, வாகன விபத்துக்கு உள்ளதுபோல் பொது நிதி வேண்டும்.

ஒரு மறுப்பு

அலுவலகமே இல்லாத நிறுவனத்திடம் அபராதம் எப்படி வசூலிப்பது என்று கேட்பார்கள். கடினம்தான், மறுக்கவில்லை. ஆனால் பாலிசி இருந்துவிட்டால், முதலாளி நொடித்துப்போய் பிரிட்டனில் திவால் நடவடிக்கைக்கு உள்ளானால், 2010-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொழிலாளி காப்பீட்டு நிறுவனத்தின் மீதே நேரடியாக வழக்குத் தொடுக்கலாம். ஓடிப்போகாத ஒரு பிரதிவாதி உள்ளூரிலேயே கிடைப்பார். கட்டாயம் என்ற சொல் சட்டத்தில் ஏறினால், நாணயமான நிறுவனங்களாவது பாலிசி எடுக்கும்.

சட்டம் திருந்தும்வரை உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள்: வெளிநாட்டு நிறுவனத்தின் நியமனக் கடிதத்தில் கையெழுத்திடுமுன் காப்பீட்டுச் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால், சம்பளத்தைப் பேசுவதற்கு முன் அதைப் பேசுங்கள்.