கடைசிப் பாடமா கம்ப்யூட்டர்?

பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தைப் புரட்டிப் பாருங்க. மொத்தம் 23 பாடம். கம்ப்யூட்டருக்கு இடம் 23வதுல. ஸ்க்ராச் மென்பொருளை வச்சு படத்தை நகர வைக்கிறது எப்படின்னு போட்டிருக்காங்க. ஒளியியல், மரபியல் எல்லாம் முடிச்சு, ரிவிஷனும் முடிச்சு, அப்புறம் நேரம் இருந்தாத்தானே இந்தப் பக்கத்துக்கு வர முடியும்? ஏட்டுச் சுரைக்காய்னு சொல்லுவாங்களே, அது இதுதான்.

ஹைடெக் லேப் இருக்கேன்னு கேப்பீங்க. இருக்கு. ஆனா தனிப் பாடவேளையும் தனி வாத்தியாரும் தனி மார்க்கும் இல்லாத லேப், கரண்ட் கனெக்‌ஷன் இல்லாத பம்புசெட் மாதிரி. பார்க்க அழகா நிக்கும், தண்ணி வராது.

இந்தக் கதை எங்க ஊருக்குப் புதுசில்ல. விலையில்லா லேப்டாப் திட்டத்தை 2011 செப்டம்பர் 15ல ஜெயலலிதா தொடங்கி வச்சது மணவாள நகருக்குப் பக்கத்துல இருக்கிற காக்களூர்லதான். சமச்சீர் கல்விக்காக 6 முதல் 10 வரைக்கும் தயாரான கணினி அறிவியல் பாடம், ஆட்சி மாறினதும் கிடப்புல போனதும் அதே வருஷம்தான். கருவி கைக்கு வந்துச்சு, பாடம் காணாமப் போச்சு.

பக்கத்துல கேரளாவைப் பாருங்க. 2001ல ஐ.டி. அட் ஸ்கூல்னு ஆரம்பிச்சாங்க. ஐ.டி.யைக் கட்டாயப் பாடமாக்கி, பத்தாவது பொதுத்தேர்வுலயே கொண்டுவந்தாங்க. பசங்க உட்கார்ந்து செய்முறைத் தேர்வு எழுதுறாங்க. காசு கட்டி வாங்குற மென்பொருள்கூட இல்ல, லினக்ஸ்தான். அவங்களால முடிஞ்சது நம்மால முடியாதா?

"கிராமத்துப் பசங்களுக்கு எதுக்குங்க கோடிங், அது சுமைதானே?"ன்னு பட்டணத்து நண்பர்கள் சிலர் ரொம்ப அக்கறையா கேக்குறாங்க. உங்க பிள்ளையை மட்டும் ஆறாவதுலயே கோடிங் கிளாஸுக்கு அனுப்புறீங்களே, அது சுமையில்லையா?

இன்னிக்கு பட்டா, அடங்கல், நெல் கொள்முதலுக்குப் பதிவு எல்லாமே ஆன்லைன்தான். பத்தாவது முடிச்ச பையன் வீட்டுல இருந்தும், அப்பன் இ-சேவை மையத்துல வரிசையில நிக்கிறான். ரீல்ஸ் பார்க்கத் தெரியுறது கம்ப்யூட்டர் அறிவு இல்லீங்க.

எங்க பக்கம் நிலமெல்லாம் பிளாட்டாகிட்டு வருது. பசங்க காக்களூர், கும்மிடிப்பூண்டி கம்பெனிகளுக்குத்தான் போறாங்க. அங்க சி.என்.சி. மெஷினுக்கு புரோகிராம் போடுறவன் சம்பளம் வேற, அந்த மெஷின் பக்கத்துல இரும்பைத் தூக்கிப் போடுற கான்ட்ராக்ட் பையன் சம்பளம் வேற. நிலத்தைக் கொடுத்தவன் பிள்ளை ரெண்டாவது ஆளாவே இருக்கணும்னு எந்தச் சட்டத்துல எழுதியிருக்கு?

பதினொண்ணாவதுல கம்ப்யூட்டர் குரூப் இருக்குன்னு சொல்லாதீங்க. அது எடுத்தவனுக்கு மட்டும். பத்தாவதோட நிக்கிறவனுக்கு?

ஆறு முதல் பத்து வரை கணினி அறிவியல் கட்டாயப் பாடம் ஆகணும். பி.எட். கணினி அறிவியல் படிச்சுட்டு வருஷக்கணக்கா வேலைக்குக் காத்திருக்கிறவங்களை வாத்தியாரா போடணும். செய்முறைத் தேர்வு வைக்கணும். தமிழுக்கும் கணக்குக்கும் காசு இருக்கிற வீட்டுப் பிள்ளை, இல்லாத வீட்டுப் பிள்ளைன்னு நாம பிரிக்கல. இதுக்கு மட்டும் ஏன்?