வண்டிக்கு விரிப்பும் போர்வையும்



சென்ற மாதம் ஒரு மாலைப் பொழுதில், நம் கடற்கரைப் பங்கைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் தாம் புதிதாக வாங்கிய சிறு சரக்கு வண்டியை மந்திரிப்பதற்காக ஆலய முற்றத்தில் கொண்டுவந்து நிறுத்தினார். தாயார், மனைவி, கைக்குழந்தை, கண் மங்கிய பாட்டனார் எனக் குடும்பமே உடன் வந்திருந்தது. மந்திரிப்பு முடிந்து மற்றவர்கள் நகர்ந்த பின்னர், அவர் மட்டும் தயங்கி நின்றார்.

"சுவாமி, ஒரு சந்தேகம். பாடிக்குள்ளே என்ன விரிக்கலாம்? ஒருவர் செக்கர் பிளேட் அடிக்கச் சொல்கிறார். ஒருவர் ரப்பர் பாய் போதும் என்கிறார். வெளிநாட்டில் இருக்கும் என் மச்சான், அங்கே உள்ளதுபோல் பூச்சு பூசிவிடு என்கிறான். யார் சொல்வதைக் கேட்பது?"

மறையுரையில் ஐயம் கேட்டு என்னிடம் வருவோர் மிகச் சிலரே. வண்டித் தளத்தைப் பற்றிக் கேட்க ஒருவர் வந்தாரே என்று உள்ளூர நகைத்துக்கொண்டேன். ஆயினும் அவருடைய கேள்வி நகைப்புக்குரியதன்று. மனைவியின் நகைகளை அடகு வைத்து முன்பணம் கட்டி, எஞ்சிய தொகைக்கு 60 மாதத் தவணைக் கடன் பெற்று வாங்கிய வண்டி அது. 60 மாதமும் கடல் மீனைச் சுமந்து ஓடினால்தான் நகை மீளும். கடன் தீருமுன் வண்டியின் தளம் தீர்ந்துபோனால் அக்குடும்பத்தின் நிலை என்னவாகும்?

இதில் எனக்குச் சொந்த அனுபவமும் ஒன்று உண்டு. முன்னர் நான் பணியாற்றிய ஊரில், விடுதிச் சமையலுக்கு வேண்டிய பொருள்களை ஏற்றிவரப் பழைய வண்டி ஒன்றை வாங்கினோம். தளம் கீறலின்றி இருக்க வேண்டுமென்று, வாங்கிய வாரத்திலேயே தடித்த ரப்பர் பாய் ஒன்றை அளவெடுத்து வெட்டி, நாற்புறமும் திருகாணி கொண்டு முடுக்கிவிட்டோம். அரிசி, காய்கறி, விறகு, வாரம் ஒருமுறை மீன் என எல்லாம் அதன்மேல் ஏறின. நாள்தோறும் பாயைக் கழுவினோம். அதுவும் புதுப்பாய்போல் பளபளத்தது. நான்காண்டு கழித்து ஏதோ பழுதுபார்ப்புக்காகப் பட்டறையில் பாயை உயர்த்தினர். தளம் சல்லடையாகியிருந்தது! ஓரிடத்தில் என் ஆட்காட்டி விரல் மறுபுறம் போயிற்று. காப்பதற்காக நாங்கள் விரித்த பாயே கேட்டை மறைத்து வளர்த்திருக்கிறது. குற்றம் எங்களுடையதேயன்றி வேறெவருடையதும் அன்று.

காரணம் எளியது. இரும்பு துருப்பிடிக்க நீரும் காற்றும் வேண்டும். உப்பு சேர்ந்தால் அவ்வேலை பன்மடங்கு விரைவாக நடக்கும். திறந்த தளத்தில் விழுந்த நீர் வெயிலில் உலர்ந்துவிடும். பாயின் கீழே புகுந்த நீரோ உலர்வதில்லை. உப்பு, ஈரத்தைத் தன்பால் இழுத்து வைத்துக்கொள்ளும் இயல்புடையது. போதாக்குறைக்கு, பாயை முடுக்கிய ஒவ்வொரு திருகாணித் துளையும் வண்ணப்பூச்சை உடைத்து இரும்பைத் திறந்துவிட்டிருந்தது. ஆகவே எதை விரிப்பது என்று கேட்குமுன், விரித்தபின் நீர் எங்கே போகும் என்று கேட்க வேண்டும். அந்த இளைஞருக்கு நான் முதலில் கூறியது இதுவே.

இனி, அவர் சொன்ன மூன்று யோசனைகளையும் பார்ப்போம்.

செக்கர் பிளேட் என்பது வழுக்காதபடி மேடு எழுப்பிய தகடு. செங்கல், கருங்கல், இரும்புக்கம்பி ஏற்றுவோருக்கு அதைப்போல் உழைப்பது வேறில்லை. ஆனால் அதன் எடையை எண்ணிப் பார்ப்பவர் குறைவு. 3 மில்லிமீட்டர் கனமுள்ள இரும்புத் தகடு சதுர மீட்டருக்கு 23 கிலோவுக்கு மேல் எடை கொள்ளும். 2005ஆம் ஆண்டு டாடா நிறுவனம் 'ஏஸ்' என்னும் முக்கால் டன் வண்டியை வெளியிட்டபின், நம் மக்கள் 'குட்டி யானை' என்று செல்லப் பெயரிட்டு அதனைத் தத்தெடுத்துக்கொண்டனர் அன்றோ? அவ்வகை வண்டியின் ஏழடி நீளமும் ஐந்தடிக்குச் சற்றுக் குறைந்த அகலமும் உள்ள தளத்தை மூடத் தகடு மட்டும் 70 கிலோவுக்கு மேல் வரும். வண்டி சுமக்கக்கூடிய 750 கிலோவில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு, ஒரு மீன்கூட ஏறுமுன்னே போய்விட்டது! எடைமேடையில் நிறுத்தும் அதிகாரி தகட்டைத் தனியே கழித்துப் பார்க்கமாட்டார். 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, மிகைச் சுமைக்கு அபராதம் 20,000 ரூபாய். அதற்குமேல் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய்.

எடை குறைய வேண்டுமென்று அலுமினியத் தகடு அடிப்போர் உண்டு. அது இரும்பில் மூன்றில் ஒரு பங்கு எடையே. உள்நாட்டில் காய்கறி ஏற்றுவோருக்கு அது நன்று. கடற்கரையில் அன்று. இரும்பும் அலுமினியமும் ஒன்றையொன்று தொட்டிருக்க, இடையே உப்புநீர் புகுந்தால், அங்கே ஒரு சிறு மின்கலமே உண்டாகிவிடும். அலுமினியம் வெண்பொடியாக உதிரத் தொடங்கும்.

வெளிநாட்டு மச்சான் சொன்ன பூச்சைப் பற்றி நானும் சிலரிடம் விசாரித்து அறிந்தேன். அமெரிக்காவில் இத்தகைய வண்டி சரக்கு ஏற்றுவதற்கு மட்டுமன்று. குடும்பமே பயணம் செய்யும் வாகனமாகவும் விளங்குகிறது. ஆதலால் அதன் பின்புறத் தொட்டியைக் காப்பது அங்கே ஒரு பெருந்தொழில். தொட்டியின் வடிவிலேயே வார்த்த பிளாஸ்டிக் தட்டை உள்ளே இறக்கி வைப்பது ஒருமுறை. பாலியூரித்தேன் முதலிய குழம்பை நேரே தளத்தின்மேல் பீய்ச்சித் தோல்போல் ஒட்டச் செய்வது மற்றொருமுறை. இந்தத் தலைவலியே வேண்டாமென்று டொயோட்டா நிறுவனம் 2005இல் தன் டகோமா வண்டியின் தொட்டித் தளத்தையே இழை சேர்ந்த பிசினால் வார்த்துவிட்டது.

இவற்றுள் பிளாஸ்டிக் தட்டு என் ரப்பர் பாய்க்கு அண்ணன். வண்டி அதிர அதிர, அது அடியிலுள்ள வண்ணத்தைத் தேய்க்கும், நீரையும் சிறைப்பிடிக்கும். அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. படகு இயந்திரத்திற்கு எரிபொருள் வாங்கிச் செல்லும் நம் கடற்கரை மக்கள் இதைக் கட்டாயம் அறிய வேண்டும். பிளாஸ்டிக் விரிப்பின்மேல் கேனை வைத்தபடியே பெட்ரோல் நிரப்பினால், ஓட்டத்தால் உண்டாகும் நிலைமின்சாரம் தரைக்கு இறங்க வழியின்றிக் கேனிலே தங்கி, பொறியாகத் தாவக்கூடும். அமெரிக்காவில் இப்படி நேர்ந்த தீ விபத்துகளைக் கண்டு, அந்நாட்டு அரசின் தொழிற்பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1990களில் எச்சரிக்கையே வெளியிட்டது. கேனை வண்டியிலிருந்து இறக்கித் தரையில் வைத்தே நிரப்புக. தளத்தில் என்ன விரித்திருந்தாலும் இது பொருந்தும்.

பீய்ச்சும் பூச்சு இரும்போடு ஒன்றாகிவிடுவதால் இடையே நீர் தங்க இடமில்லை. எடையும் மிகக் குறைவு. ஆனால் அடித்தளத்தைச் சுரண்டி, எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, நன்றாக உலர்த்திய பின்னரே பூச வேண்டும். துருவின் மேலோ ஈரத்தின் மேலோ பூசினால் கொப்புளமாக எழும்பி, என் ரப்பர் பாயின் கதையே மீண்டும் நடக்கும். புது வண்டிக்கு இதனினும் தக்க காலம் வாராது. முதற் கீறல் விழுமுன் செய்துவிட வேண்டும். ஆகவே மச்சானின் யோசனையே மேல் என்றேன். பூச்சின்மேல் ரப்பர் பாயோ பிளாஸ்டிக் சட்டமோ போடலாம். ஆனால் ஆணியடித்து முடுக்கலாகாது. இரவுதோறும் எடுத்து நிறுத்தி, நல்ல தண்ணீரால் தளத்தையும் அடிப்பாகத்தையும் கழுவ வேண்டும். மீன்தண்ணீர் வடியும் துளைகளுக்கு ஒரு குழாய் பொருத்தி, கேனில் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். இல்லையேல் அது அடிச்சட்டத்தை அரிக்கும். அதுமட்டுமா? சாலையில் வழிநெடுகச் சொட்டிப் பின்னால் வரும் இருசக்கர வண்டிக்காரரைச் சறுக்கி விழச் செய்யும். விடியற்காலை இருளில் அந்தக் கொழகொழப்பு யார் கண்ணுக்கும் தெரியாது.

விரிப்பைப் பற்றி இவ்வளவு. போர்வைக்கு வருவோம்.

தார்ப்பாய் என்னும் சொல் எனக்கு மிகவும் பிடித்தமானது. மாலுமிகள் கித்தான் துணியில் தார் பூசி மழைக்கு மறைப்பாகக் கொண்டதால் ஆங்கிலத்தில் பிறந்த பெயர், நம் நாவில் தார் என்றும் பாய் என்றும் அழகாகப் பிரிந்து நிற்கிறது. இன்று தாரும் இல்லை, பெரும்பாலும் துணியும் இல்லை. நீலமும் மஞ்சளுமான பிளாஸ்டிக் நெசவே எங்கும். அது விலை மலிவு, எடை குறைவு, நீர் புகாது. ஆனால் வெயில் அதனை நொறுக்கிவிடும்; காற்றையும் விடாது. வாழைத்தாரும் காய்கறியும் அறுத்தபின்னும் மூச்சு விடுபவை. பிளாஸ்டிக்கால் இறுக மூடினால் உள்ளே புழுங்கி வியர்த்து, சந்தை சேருமுன் கனிந்து அழுகும். அவற்றிற்குக் கித்தானே உகந்தது; இல்லையேல் முன்னும் பின்னும் காற்று நுழைய வழி விடவேண்டும். மீனுக்கு வேண்டியது நிழல். கரிய தார்ப்பாய் வெயிலைக் குடித்துப் பனிக்கட்டியை உருக்கும். வெளிர்நிறப் பாயை, வளைவுக் கம்பிகளின்மேல் பெட்டிகளைத் தொடாமல் கட்டி, பெட்டிகளின்மேல் நனைந்த சாக்கைப் போட்டால் நெடுந்தூரம் தாங்கும். எல்லாவற்றையும் விடக் கூண்டே கட்டிவிடலாமே என்பார் உளர். கட்டலாம். ஆனால் அது பதிவுச் சான்றிதழில் உள்ள விவரத்தையே மாற்றுவதாகும். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் ஒப்புதல் முன்னதாகவே வேண்டும்.

இவ்வளவும் கேட்டுக்கொண்டிருந்த இளைஞரின் தாயார், "போர்வை நன்றாக அமைந்துவிட்டால் செப்டம்பரில் வேளாங்கண்ணிக்கு எல்லாரும் இதிலேயே போய்வரலாமே, சுவாமி" என்றார். எனக்குத் திடுக்கிட்டது. திருவிழாக் காலங்களில் தார்ப்பாய்க்கு அடியில் இருபது பேர், முப்பது பேர் குந்தியிருந்து போவதை நாம் காணாமலா இருக்கிறோம்? கண்டும் வாளாவிருந்தவர்களுள் நானும் ஒருவன். சரக்கு வண்டியின் தளத்தில் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. நான் இப்போது புகழ்ந்த பூச்சும் பாயும் பெட்டி சறுக்காமல் காக்குமேயன்றி, வண்டி கவிழ்ந்தால் மனிதரைக் காக்கா. சட்டம் சொல்வதையும் அந்த அம்மையாருக்கு எடுத்துரைத்தேன். சரக்கு வண்டியில் பயணியாக ஏற்றிச் செல்லப்படுவோருக்கு இழப்பீடு தரக் காப்பீட்டு நிறுவனம் சட்டப்படி கடமைப்பட்டதன்று என 2002ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. அசம்பாவிதம் நேர்ந்தால் அத்தொகை உரிமையாளர் தலையில் விழும். "அறுபது தவணை ஆறு தலைமுறைக்கு நீளும், அம்மா" என்றேன். அவர் பதில் பேசவில்லை. சிறிது நேரம் கழித்து, "பேருந்திலேயே போவோம், சுவாமி" என்றார்.

மூன்று வாரங்கள் சென்றபின், விடியற்காலையில் மீன் ஏலம் விடும் இடத்தருகே அவ்வண்டியைக் கண்டேன். தளத்தில் சாம்பல் நிறப் பூச்சு. அதன்மேல் தூக்கி எடுக்கத்தக்க பிளாஸ்டிக் சட்டங்கள். வடிதுளையில் குழாயும், அதன் கீழே பழைய கேனும். போர்வையைப் பார்த்துத்தான் வியந்தேன். வெளிர்நிறக் கித்தானை வாங்கிவந்து, விளிம்பை இரண்டாக மடித்து, கயிற்றை உள்ளே வைத்துத் தைத்திருந்தனர். தைத்தவர் அந்தப் பாட்டனார்! கட்டுமரங்கள் பாய்விரித்து ஓடிய காலத்தில் கடற்பாய் தைத்த கை அது. "பாய்க்கு முதலில் கிழிவது விளிம்புதானே, சுவாமி" என்றார் அவர். கண் சரியாகத் தெரியாதவர், ஒன்றரையடிக்கு ஒரு கண்ணியாகத் தடவிப் பார்த்தே வைத்திருந்தார்.

பின்கதவருகே கயிற்று முனையொன்று மட்டும் நீளமாகத் தொங்கிற்று. பின்னால் வருவோரின் சக்கரத்தில் சுற்றிக்கொள்ளுமே என்று சுட்டிக்காட்டினேன். இளைஞர் அதனை இருமுறை சுற்றிக் கொக்கியில் முடிந்துவிட்டு, வண்டியைக் கிளப்பினார்.