'பெஸ்ற் பெர்ஃபோமன்ஸ்' எண்ட பொய்

லப்டொப் ஸ்லோவா இருக்கு எண்டு யாரிட்டயாவது சொல்லிப் பாருங்கோ. ரிப்பெயார் கடை அண்ணா எண்டாலும் சரி, ஐரி படிக்கிற மச்சான் எண்டாலும் சரி, முதல் வைத்தியம் ஒண்டுதான். 'பெர்ஃபோமன்ஸ் ஒப்ஷன்ஸ்' பெட்டியைத் திறந்து, 'அட்ஜஸ்ட் ஃபோர் பெஸ்ற் பெர்ஃபோமன்ஸ்' எண்டதை அமத்தி, ஓகே குடுக்கிறது. ஏன் எண்டு கேட்டால், "வடிவு முக்கியமோ, வேலை முக்கியமோ?" எண்டு திருப்பிக் கேப்பினம். அந்தக் கேள்வி பிழை. அந்த வைத்தியம் அதைவிடப் பிழை.

அந்த ஒரு அமத்தலில் என்ன நடக்குது எண்டு பாப்பம். பெட்டிக்குள்ள பதினைந்துக்கு மேற்பட்ட தெரிவுகள் இருக்கு: விண்டோ சுருங்கும்போது வாற அசைவு, மெனு மெல்ல விரியிறது, விண்டோவுக்குக் கீழ விழுற நிழல், இப்பிடி. இதுகளோட சேத்து 'ஸ்மூத் எட்ஜஸ் ஒஃப் ஸ்கிரீன் ஃபொன்ற்ஸ்' எண்டும் ஒண்டு இருக்கு. எழுத்தின் ஓரங்களை மழுக்கிக் காட்டுற வேலை அது. எல்லாச் சரி அடையாளமும் கழரும்போது அதுவும் சத்தமில்லாமல் கழருது.

இது எங்களுக்கு ஏன் முக்கியம்? திரை எண்டது சின்னச் சின்னச் சதுரங்கள். வளைகோட்டைச் சதுரத்தால் கீறினால் படிக்கட்டு மாதிரித்தான் வரும். ஓரத்துச் சதுரங்களுக்கு இடைப்பட்ட நிறம் குடுத்துத்தான் அந்தப் படிக்கட்டை மறைக்கினம். அதை நிப்பாட்டினாலும் ஆங்கிலம் ஓரளவுக்குத் தப்பிவிடும். எல், ரி, எச் எல்லாம் நேர்கோடுதானே. தமிழ் அப்பிடியில்லை. 'ன'வுக்கும் 'ண'வுக்கும் வித்தியாசம் ஒரு சுழிதான். 1366×768 திரையில், சின்ன எழுத்தில், மழுக்காமல் விட்டால் அந்தச் சுழி அடைச்சு, ரெண்டும் ஒண்டு மாதிரித் தெரியும்.

பிறகு நாங்கள் என்ன சொல்லுறம்? "கொம்பியூட்டரில தமிழ் வாசிக்க ஏலாது மச்சான், கண் நோகுது, இங்கிலிஷே லேசு." பழி மொழியில விழுது. தமிழ்மூலம் படிக்கிற, நோட்ஸ் முழுக்கத் திரையில வாசிக்கிற கலைப்பீடப் பிள்ளைக்கு இது வடிவுப் பிரச்சினை இல்லை, வாசிப்புப் பிரச்சினை.

சரி, இவ்வளவையும் பலி குடுத்து மிச்சம் பிடிச்சது என்ன? அனேகமாக ஒண்டுமில்லை. இந்த ஆலோசனை 2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி காலத்துச் சரக்கு. அப்ப விண்டோக்களை வரையிற வேலையில பெரும்பங்கு புரொசெசரின் தலையில இருந்தது. விஸ்டாவோட அந்த வேலை கிராஃபிக்ஸ் பக்கம் போகத் தொடங்கீற்று. விண்டோஸ் 8இலிருந்து அந்த முறையை நிறுத்தவே வழியில்லை. நீங்கள் நிழலைக் கழட்டினாலும் அது பின்னால ஓடிக்கொண்டுதான் இருக்கும். மெஷினை உண்மையில இழுக்கிறது பழைய ஹார்ட் டிஸ்க், 4 ஜிபி ராம், ஒன் பண்ணினவுடன தானாத் தொடங்குற பத்து மென்பொருள், பிரவுசரில திறந்து கிடக்கிற நாப்பது பக்கம். அதைச் சரிபாக்க நேரம் எடுக்கும். ஒரு பட்டனை அமத்துறது லேசு.

இதுக்குப் பின்னால ஒரு பழைய எண்ணமும் இருக்கு: மலிவான மெஷின் வச்சிருக்கிறவனுக்கு வடிவு எதுக்கு? இதை எங்கட ஆக்கள் கண்டுபிடிக்கேல்லை. மைக்ரோசொப்ட் 2009இல் விண்டோஸ் 7ஐ விக்கேக்க, சின்ன மலிவு நெற்புக்குகளுக்கெண்டு 'ஸ்டாட்டர்' எண்டு ஒரு பதிப்பு விட்டது. அதில டெஸ்க்ரொப் படத்தைக்கூட மாத்த ஏலாது. வளர்ந்துவரும் சந்தைகளுக்கெண்டு விட்ட 'ஹோம் பேசிக்'கில கண்ணாடி மாதிரியான ஒளிபுகு தோற்றம் இல்லை. ஆனா காசில்லாமல் கிடைச்ச உபுண்டு, 2007இல் வந்த 7.10 பதிப்பிலேயே 'ஒண்டும் வேண்டாம், சாதாரணம், கூடுதல்' எண்டு மூண்டு தெரிவை வச்சு, முடிவைப் பாவிக்கிறவரிட்ட விட்டிருந்தது. ஒண்டு தகுதி பாத்தது, மற்றது விருப்பம் கேட்டது.

எல்லாத்தையும் போட்டுவிடுங்கோ எண்டு நான் சொல்லேல்லை. அசையிற திரையைப் பாத்தால் சிலருக்குத் தலை சுத்தும். 2013இல் ஐஓஎஸ் 7 வந்தபோது கன பேர் அப்பிடி முறையிட்டவை. அசைவைக் குறைக்கிற தெரிவு இப்ப போனிலயும் கணினியிலயும் இருக்கு. அப்பிடியானவை அசைவை நிப்பாட்டத்தான் வேணும். ஆனா அசைவு வேற, எழுத்து வேற. ரெண்டையும் ஒரே மூட்டையாக் கட்டி எறியிறதைத்தான் எதிர்க்கிறன்.

ஆகவே இண்டைக்கே பாருங்கோ. ஸ்டார்ட்டில 'அட்ஜஸ்ட் த அப்பியரன்ஸ் அண்ட் பெர்ஃபோமன்ஸ் ஒஃப் விண்டோஸ்' எண்டு ஆங்கிலத்தில தேடுங்கோ. வாற பெட்டியில 'கஸ்டம்' தெரிவு செய்து, எழுத்தை மழுக்கிற தெரிவுக்குச் சரி போடுங்கோ. ஃபைலைத் திறக்காமலே படத்தைப் பாக்க 'ஷோ தம்ப்நெயில்ஸ்' எண்டதுக்கும் போடுங்கோ. மிச்சத்தை ஒவ்வொண்டாப் போட்டுப் பாத்து, பிடிக்காததைக் கழட்டுங்கோ. லினக்ஸில கேடிஈ பாவிக்கிறவைக்கு சிஸ்டம் செற்றிங்ஸுக்குள்ள 'டெஸ்க்ரொப் எஃபெக்ற்ஸ்' இருக்கு. ஒவ்வொண்டுக்கும் தனித்தனிச் சரி.

அடுத்தமுறை ஆராவது உங்கட லப்டொப்பை வாங்கி அந்தப் பட்டனில கை வைச்சால், "அண்ணா, எழுத்தை மட்டும் விடுங்கோ" எண்டு சொல்லுங்கோ. ஏன் எண்டு கேட்டால், 'ன'வையும் 'ண'வையும் பக்கத்தில பக்கத்தில அடிச்சுக் காட்டுங்கோ.