ஆசிரியர்களுக்கு முதலில் காட்டுப் பாடம்

ஸ்ரீவில்லிபுத்தூரில் 1988 முதல் சாம்பல் நிற அணில்கள் சரணாலயம் இருக்கிறது. 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை, தமிழகத்தின் ஐந்தாவது புலிகள் காப்பகமானது. இராஜபாளையம் வட்டாரப் பிள்ளைகளுக்கு இந்தக் காட்டைப் புத்தகப் படத்தில் காட்டினால் போதாது.

சரணாலயத்தின் செண்பகத்தோப்புப் பகுதியில் பக்கத்து மரங்களின் கிளைகள் கோத்துக்கொள்ளும் இடமாகப் பார்த்தே அந்த அணில் கூடு கட்டுகிறது. நடுவில் ஒரு மரம் விழுந்தால் அதன் பாதையே அறுந்துவிடும். நேரில் பார்த்த ஆசிரியர் சொன்னால்தான் இது மனதில் பதியும்.

வைகை அணையில் வனவியல் பயிற்சிக் கல்லூரி இருக்கிறது. ஆசிரியர்களின் பணியிடைப் பயிற்சியில் ஆண்டுக்கு இரண்டு நாளாவது அங்கும் காட்டிலும் நடக்க, கல்வித் துறையும் வனத் துறையும் கைகோக்க வேண்டும். அந்த நாள்களைப் பணிநாளாகக் கணக்கிட்டு, பயணப்படியும் தர வேண்டும். விடுமுறையைப் பறித்து நடத்தும் பயிற்சி, வருகைப் பதிவேட்டோடு முடிந்துவிடும்.